யவனர் தேறலும் அரிக்கமேட்டுச் சாடியும்

சங்கச் செய்யுள் ஒன்றின் பொருளை அறிதற்கு நிகண்டும் உரையும் துணைசெய்வது போலவே, சில வேளைகளில் மண்ணுள் புதைந்து கிடந்த பானையோடும் துணைசெய்யும். ஓட்டுக்கு நாவில்லை; ஆயினும் அது பொய் சொல்லுவதில்லை. அதனைப் படிப்போர் பிழைபடப் படித்தல் கூடும். பின்வருவோர் அப்பிழையைத் திருத்துதலும் கூடும். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் வரும் யவனர் தேறலின் வரலாறு இவ்வுண்மைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

மதுரையில் ஆயினும், ஜொகூர் மாநிலத்தில் இரப்பர் தோட்டங்களுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் இடையே இரயில் பாதையை ஒட்டி அமைந்த பாலோவில் ஆயினும், இப்பாட்டைப் பயிலும் மாணவர் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று. பாண்டியன் அருந்திய அம்மது யாது? எங்கு விளைந்தது? அதனை விளைத்தவர் எவர்? முதல் வினாவுக்கு உரைநூல்கள் விடை தரும். ஏனைய இரண்டிற்கும் விடை தேடிப் புதுவைக்குத் தெற்கேயுள்ள ஓர் ஆற்றங்கரைக்கும், அங்கிருந்து இத்தாலி நாட்டின் எரிமலைச் சாரலுக்கும் செல்ல வேண்டும்.

பாட்டும் சொல்லும்

இப்பாட்டைப் பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். பாடப்பெற்றோன் பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன். புலவர் அவனை நால்வகைத் தெய்வங்களோடு ஒப்பிட்டுப் புகழ்கிறார். இரப்போர்க்கு அரிய கலங்களைக் குறையாது ஈக என்கிறார். அதன்பின், யவனர் தந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பொன்னாற் செய்த கிண்ணத்தில் ஒளிவளை மகளிர் ஏந்தி ஊட்ட, நாள்தோறும் மகிழ்ந்து இனிது வாழ்க என்று வாழ்த்துகிறார்.

அடுத்தடுத்து வரும் மூன்று அடிகளில் ‘கலம்’ என்னும் சொல் மூன்று முறை ஆளப்படுதல் நோக்கத்தக்கது. முதற்கண் அது பரிசிலாகிய அணிகலத்தைக் குறிக்கும். இறுதியில் அது உண்கலத்தைக் குறிக்கும். இடையில் யவனரோடு சேர்ந்து வரும் கலம் எது? பழைய உரைகாரர் அதனைக் குப்பி எனக் கொண்டார். மரக்கலம் எனக் கொள்வாரும் உளர். ‘கலம்’ என்பது கப்பலுக்கும் பாண்டத்திற்கும் பொதுப்பெயராதலின் இருபொருளும் சொல்லளவில் பொருந்துவனவே. யவனர் மது கப்பலில் ஏற்றப்பட்டு வந்தது. கப்பலினுள் அது மண்சாடியில் அடைக்கப்பட்டிருந்தது. ஆதலின் எவ்வுரையைக் கொள்ளினும் வரலாற்றுண்மைக்கு இழுக்கில்லை.

‘தேறல்’ என்னும் சொல்லும் ஆராய்தற்கு உரியது. தேறுதலாவது தெளிதல். கசடு கீழே தங்க, மேலே தெளிந்து நிற்கும் மதுவே தேறல் எனப்பட்டது. தமிழர் தம் நாட்டிலேயே பலவகை மதுக்களை அறிந்திருந்தனர். நெல்லரிசியால் இல்லத்தில் சமைத்த தோப்பி, பனையிலும் தென்னையிலும் இறக்கிய கள், மூங்கிற் குழாயில் அடைத்து முதிரவைத்த தேன்மது ஆகியன சங்கப் பாட்டுகளில் பரந்து காணப்படுகின்றன. மதுவுக்கு வறுமைப்பட்டு யவனரை எதிர்நோக்கிய நாடன்று தமிழ்நாடு. உள்நாட்டு மதுவுக்கு வழங்கிய சொல்லாலேயே யவனர் மதுவையும் புலவர் குறித்தார். அதன் தனிச் சிறப்பெல்லாம் ‘யவனர்’ என்னும் அடையில் அடங்கியது.

யவனர் என்பார் முதற்கண் கிரேக்கர். அயோனியர் என்னும் அவர்தம் பெயரின் திரிபே அது. உரோமப் பேரரசு எகிப்து நாட்டைக் கி.மு. 30இல் கைப்பற்றிய பின்னர், அங்கிருந்து வந்த கிரேக்கரும் உரோமரும் பிறரும் ஆகிய மேலைநாட்டார் யாவரும் தமிழில் அப்பெயராலேயே குறிக்கப்பட்டனர்.

அரிக்கமேட்டில் கிடைத்த சான்று

புதுவைக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆறு வளைந்து கடலை நோக்கும் இடத்தில் அரிக்கமேடு உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு வானநூலறிஞர் இலெ சாந்தியீ அங்குள்ள பழைய செங்கற் கட்டடங்களைக் கண்டு குறித்துள்ளார். 1937இல் துப்ரே என்னும் பிரெஞ்சு அறிஞர், உருவம் செதுக்கிய மணி ஒன்றை அங்குப் பெற்றார். அது உரோமப் பேரரசன் அகசுடசின் உருவம் என அவர் கருதினார். 1945இல் இந்தியத் தொல்பொருள் துறைத் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தார். 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசால் அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகமும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் மீண்டும் ஆராய்ந்தன.

அங்குக் கிடைத்த மேலைநாட்டுப் பொருள்களுள் இருவகை முதன்மையானவை. ஒன்று, இத்தாலியின் அரெத்சோ நகரத்தின் பெயரால் வழங்கும் செம்மெருகுக் கலங்கள். இவை உணவுமேடைக்கு உரிய தட்டுகளும் கிண்ணங்களும் ஆகும். அவற்றின் அடியில் செய்தோர் பெயர் முத்திரையாக இடப்பட்டிருந்தது. விபியர், கமூரியர் முதலிய இத்தாலியக் குடிப்பெயர்கள் தமிழகத்துக் கடற்கரை மண்ணில் வெளிப்பட்டன. அவ்வகைக் கலங்கள் செய்யப்பட்ட காலம் முன்னரே அறியப்பட்டிருந்தமையால், அவற்றைக் கொண்டு வீலர் தென்னிந்தியத் தொல்லியலுக்கு உறுதியான ஒரு காலக்கணக்கை வகுத்தார்.

மற்றொன்று ஆம்போரா எனப்படும் சாடியின் உடைந்த ஓடுகள். ஆம்போரா என்பது நீண்ட கழுத்தும், இருபுறமும் கைப்பிடியும், கூரிய அடியும் உடையது. கூரிய அடி தரையில் நில்லாது. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி அடுக்குதற்கு அதுவே ஏற்றது. பெரும்பாலும் ஒரு சாடி ஏறத்தாழ 26 லிட்டர் கொள்ளும். மண் உறிஞ்சாதிருக்க உட்புறம் மரப்பிசினைக் காய்ச்சிப் பூசினர். இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் அப்பூச்சின் கறை அரிக்கமேட்டு ஓடுகளில் ஒட்டியிருந்தது. பிசின் பூசிய சாடி பெரும்பாலும் மதுச்சாடியே. எண்ணெய் பிசினைக் கரைத்துவிடும் ஆதலின் எண்ணெய்ச் சாடிக்கு அப்பூச்சு பொருந்தாது.

இச்சாடிகளை நுணுகி ஆராய்ந்தவர் எலிசபெத்து வில் என்னும் அமெரிக்க அறிஞர். அவற்றுள் பெரும்பகுதி மது ஏந்தி வந்தவை என்றும், கிரேக்கத் தீவாகிய கோசின் சாடிவடிவம் மிகுதி என்றும் அவர் காட்டினார். அவ்வடிவத்தை எளிதில் அறியலாம். அதன் கைப்பிடி ஒவ்வொன்றும் இரு மண்கோல்களை இணைத்துச் செய்யப்பட்டிருக்கும்.

போலியும் மெய்யும்

இவ்விடத்தில் ஒரு சிக்கல் எழுகிறது. கோசு வடிவச் சாடியெல்லாம் கோசுத் தீவிலிருந்து வந்தவை அல்ல. அத்தீவின் மது கடல்நீர் கலந்து செய்யப்பட்டது. அதன் சுவை மேலை நாடெங்கும் விரும்பப்பட்டது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமப் பெருமகன் கேட்டோ, வேளாண்மை பற்றி எழுதிய நூலில், இத்தாலியத் திராட்சையைக் கொண்டே கோசு மதுவைப் போலச் செய்யும் முறையை எழுதி வைத்துள்ளான். மதுவைப் பின்பற்றிய இத்தாலியர் பின்னர் அதன் சாடியையும் பின்பற்றினர். இருகோற் கைப்பிடிச் சாடிகளை அவர்களே வனைந்து, தம் மதுவை அவற்றுள் நிரப்பி விற்றனர்.

ஆயின் போலியை மெய்யினின்று பிரிப்பது எங்ஙனம்? மண்ணே அதற்கு விடை கூறும். நேப்பிள்சு விரிகுடாவைச் சூழ்ந்த கம்பேனியா நாட்டில் வெசூவியசு எரிமலை உள்ளது. அதன் சாரலிலும் கரையிலும் உள்ள மணலில் கரிய எரிமலைத் துகள்கள் மின்னும். அம்மணலைச் சேர்த்து வனைந்த சாடியின் ஓட்டை உடைத்துப் பார்த்தால் அக்கருந்துகள்கள் தெளிவாகத் தோன்றும். அத்தகைய ஓடுகள் அரிக்கமேட்டில் மட்டுமின்றி, 2007 முதல் அகழப்பட்ட கேரளத்துப் பட்டணத்திலும் கிடைத்துள்ளன. பட்டணமே சங்க நூல்கள் கூறும் முசிறியாதல் கூடும் என அறிஞர் பலர் கருதுவர். ஆகவே இத்தாலியத் திராட்சை மது தமிழகத்தின் இருகடற்கரைக்கும் வந்தது என்பது ஐயத்திற்கு இடமின்றி உறுதியாகிறது.

மது விளைத்த குடும்பங்கள்

கம்பேனியாவின் மது எவ்வாறு விளைந்தது என்பதை அறிதற்கு வரலாறு ஒரு கொடிய உதவியைச் செய்துள்ளது. கி.பி. 79இல் வெசூவியசு வெடித்துச் சுற்றிலும் இருந்த ஊர்களைச் சாம்பலால் மூடியது. அப்பேரழிவில் புதைந்த பண்ணைகளுள் ஒன்று, போசுகொரியாலே என்னுமிடத்தில் 1970களின் பிற்பகுதியில் அகழப்பட்ட வில்லா ரெசீனா. அது பெருஞ்செல்வரின் மாளிகை அன்று. சிறியதொரு குடும்பப் பண்ணையின் அளவே உடையது. அதன் முற்றத்தில் 18 பெருந்தாழிகள் கழுத்தளவு மண்ணில் புதைக்கப்பட்டிருந்தன. அவை ஏறத்தாழ 10,000 லிட்டர் மதுவைக் கொள்ளக்கூடியவை. பக்கத்து அறையில் திராட்சையை மிதித்துப் பிழியும் தளம் இருந்தது. வெளியே, அழிந்துபோன திராட்சை வேர்கள் சாம்பலில் விட்டுச் சென்ற பொந்துகள் வரிசை வரிசையாகக் காணப்பட்டன.

அப்பொந்துகளில் காரையை ஊற்றி வேரின் உருவத்தை மீட்கும் முறை பொம்பெயி நகரில் பயன்பட்டது. வில்லெல்மினா யாசெம்சுகி என்னும் அறிஞர் அம்முறையால் அந்நகரின் தோட்டங்களையும் திராட்சைக் கொல்லைகளையும் ஆராய்ந்து வெளிப்படுத்தினார். கொடிகளின் இடைவெளியும், அவற்றைத் தாங்கிய கழிகளின் இடமும் இவ்வாறு தெரியவந்தன.

அம்மதுவின் நிறம் செம்மையா? கி.பி. 79இன் அவ்வெடிப்பிலேயே உயிர்நீத்த பிளினி, தம் இயற்கை வரலாற்று நூலில் மதுவின் நிறங்கள் நான்கு என்பர். அவை வெண்மை, பொன்மை, குருதிச் செம்மை, கருமை என்பன. பொம்பெயியின் மதுவைப் பற்றிக் கூறுமிடத்து, அது பத்தாண்டில் முதிர்ந்துவிடும் என்றும், அதனை உண்டார்க்கு மறுநாள் நண்பகல் வரை தலைநோவு நீங்காது என்றும் அவர் எழுதுகிறார். பாண்டியனின் பொற்கிண்ணத்தில் இருந்த தேறல் எந்நிறத்தது என்று புலவர் கூறவில்லை. குளிர்ச்சியும் நறுமணமுமே அவர் கண்ட பண்புகள். ஆதலின் அதனைச் செம்மது என்று வகுப்பில் அறுதியிட்டுக் கூறுதல் பாட்டில் இல்லாததைப் பாட்டின்மேல் ஏற்றுவதாகும்.

மது விளைத்தவர் ஒருபுறமாக, அதனைக் கீழ்நாடுகளுக்கு விடுத்த வணிகக் குடும்பங்களும் ஒருவாறு அறியப்பட்டுள்ளன. பெட்டிசியர் என்பார் அத்தகைய ஓர் இத்தாலியக் குடும்பத்தினர். நடு இத்தாலியின் மலைநாடாகிய அப்ரூச்சியில் ஒரு கற்சிற்பம் கிடைத்தது. மதுச்சாடிகளைச் சுமந்து நிற்கும் ஒட்டகம் அதில் செதுக்கப்பட்டுள்ளது. ஒட்டகம் இல்லாத நாட்டில் ஒட்டகச் சிற்பம் ஏன்? பிரெஞ்சு அறிஞர் ஆந்திரே செர்னியா 1992இல் இதனை ஆராய்ந்து, எகிப்தின் பாலைவழியே கீழ்த்திசைக்கு மது விடுத்த பெட்டிசியரோடு இதனைத் தொடர்புபடுத்தினார். அப்பாலைவழியில் உள்ள பாறை ஒன்றில் பெட்டிசியர் குடியைச் சேர்ந்த ஒருவனின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.

ஆயினும் ‘குடும்பப் பண்ணை’ என்னும் இனிய சொல் ஒரு கசப்பான உண்மையை மறைத்துவிடல் ஆகாது. கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் இயற்றிய கொலுமெல்லா, திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் விலங்கு பூட்டிய அடிமைகளாலேயே பண்படுத்தப்படுகின்றன என்று எழுதுகிறான். அதனை அவன் குறையாகச் சொல்லவில்லை, வழக்கமாகவே சொல்லுகிறான். சாடியின்மேல் முத்திரையிட்டவன் பெயர் நிலைத்தது. கொடியை நட்டவன் பெயர் மண்ணோடு போயிற்று. மலாயாவில் 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழியும் வரை எத்துணைத் தமிழர் பெயரின்றிக் காடு திருத்தினர் என்பதை அறிந்த பாலோ முதலிய தோட்டப்புறத்து மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மது வந்த வழி

இத்தாலியில் கப்பலேறிய சாடி அலெக்சாந்திரியாவில் இறங்கியது. அங்கிருந்து நீலாற்றில் படகேறிக் கொப்தோசு என்னும் ஊரை அடைந்தது. அதன்பின் ஒட்டகத்தின் முதுகில் பாலைவனத்தைக் கடந்தது. செங்கடற்கரைத் துறையாகிய பெரெனிகேயை அடைய 12 நாள் ஆகும் என்கிறார் பிளினி. இந்த ஒட்டகப் போக்குவரத்தையும் ஒரு குடும்பமே நடத்திவந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் நிக்கானோர் என்பானும் அவன் உறவினரும் சரக்கு ஒப்படைத்தமைக்குப் பெற்ற சீட்டுகள், பானையோட்டில் எழுதப்பட்டவை, கொப்தோசில் கிடைத்துள்ளன.

கோடையின் நடுவில் கப்பல்கள் செங்கடலை விட்டுப் புறப்பட்டன. செங்கடலின் வாயிலிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்தால் 40 நாளில் முசிறியை அடையலாம் என்பது பிளினியின் கணக்கு. அகசுடசின் காலத்தில் மையோசு ஓர்மோசு என்னும் துறையிலிருந்து ஆண்டுதோறும் 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் சென்றன என்று இசுட்ராபோ எழுதியுள்ளார். இவ்வாறு ஆறும் பாலையும் இருகடலும் கடந்துவந்த மது எளியோர் இல்லத்துக்கு வந்திராது என்பது வெளிப்படை. அது மன்னன் அவைக்கும், துறைமுகத்துச் செல்வர் மனைக்கும், கரையில் தங்கிய யவனர்க்கும் உரியதாக இருந்தது.

எவ்வளவு வந்தது?

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிய ‘எரித்திரைக் கடற் பெரிப்புளூசு’ என்னும் நூல் இதற்கு நேரான விடை தருகிறது. குசராத்துக் கரையிலுள்ள பாரிகாசாத் துறையில் மது விலைபோகும் என்றும், அதனுள் இத்தாலிய மதுவே பெரிதும் விரும்பப்படும் என்றும் அந்நூல் கூறுகிறது. முசிறிப் பகுதிக்கு வருங்கால், இறக்குமதிப் பட்டியலின் தலையில் நிற்பது பெருந்தொகையான காசு. மது பட்டியலில் உண்டு. ஆனால் மிகுதி இல்லை என்று அவ்வணிகன் வெளிப்படையாகக் கூறுகிறான்.

எனவே தமிழகத்து வாணிகத்தின் உயிர்நாடி மது அன்று, மிளகே. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீள்வதை அகநானூற்றின் 149ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியுள்ளார். ஓர் உரோம இராத்தல் கருமிளகு 4 தினாரிக்கு விற்றது என்று பிளினி விலை குறிக்கிறார். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செசுதர்சுக் காசுகளை உரோமப் பேரரசிலிருந்து ஈர்த்துவிடுகிறது என்று அவர் வருந்துகிறார். வியன்னா நகரில் காக்கப்படும் தாழ்ச்சுவடி ஒன்று, முசிறி வாணிகம் தொடர்பான கடன் உடன்படிக்கையைக் கொண்டது, 1985இல் வெளியிடப்பட்டது. எர்மபொல்லோன் என்னும் ஒரே கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு 70 இலட்சம் செசுதர்சை நெருங்கியதென அதனால் அறிகிறோம். பெரெனிகேக் கோயில் ஒன்றின் தரையில், இந்தியத் தாழி ஒன்றினுள் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு அப்படியே இருந்ததை அகழ்ந்தோர் கண்டனர்.

இவற்றை ஒருங்கே நோக்கினால் பாட்டின் பொருள் விளக்கமுறும். யவனர் மது தமிழகத்தின் தேவை அன்று. மன்னன் அவைக்கு அணி. அவ்வணியைத் தருவித்தது தமிழ் மலையில் விளைந்த மிளகும், தமிழ்க் கடலில் விளைந்த முத்தும் ஆகும்.

திருத்தப்பட்ட கருத்துகள்

அரிக்கமேட்டை முதலில் ஆராய்ந்த வீலர், அங்கிருந்த மீனவர் சிற்றூர் உரோம வாணிகத்தாலேயே நகராக உயர்ந்தது என்னும் கருத்தினர். அங்குப் பெருவாரியாகக் கிடைத்த சக்கரவரிக் கலங்களையும் மேலைநாட்டு வரவு என்றே அவர் முதலில் எண்ணினார். பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் இவ்விரண்டையும் மாற்றின. சக்கரவரிக் கலங்கள் இந்திய மண்ணில் வனையப்பட்டவை என்பது மண்ணாய்வால் தெளிவாயிற்று. உரோமர் வருகைக்கு முன்னரே அரிக்கமேடு கடல் வாணிகம் செய்த ஊராக இருந்தது என்பதும், உரோமர் வரவு குன்றிய பின்னும் அங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதும் பெக்லியின் ஆய்வால் விளங்கின. மது வந்ததனால் துறைமுகம் தோன்றவில்லை. துறைமுகம் இருந்தமையால் மது வந்தது.

மறுபுறத்தில், தமிழர் பெருமையைக் கூற விழைந்தோரிடமும் ஒரு பிழை நேர்ந்தது. பிசின் போன்ற கறையுடைய ஓடு எங்குக் கிடைப்பினும் அதனை உரோமச் சாடி என்று பெயரிட்டு எழுதும் வழக்கம் இந்தியாவில் இருந்தது. பிரித்தானிய அறிஞர் உரோபர்ட்டா தோம்பர் அவ்வோடுகளை மீண்டும் ஆராய்ந்தார். அவற்றுட் பல மெசப்பொத்தாமியாவிலிருந்து வந்த நீள்சாடிகள் என்றும், பெரும்பாலும் உரோம வாணிகத்துக்குப் பிற்பட்டவை என்றும் அவர் நிறுவினார். அவற்றின் உட்பூச்சு மரப்பிசின் அன்று, நிலக்கீல். உரோமச் சாடி கிடைத்த இடங்களின் பட்டியல் இதனால் சுருங்கிற்று. எனினும் அரிக்கமேடும் பட்டணமும் அப்பட்டியலில் உறுதியாக நிற்கின்றன. பொய்யான நூறு சான்றினும் மெய்யான இரண்டு மேலானவை அல்லவோ?

யவனர் வந்தனர் என்பதோடு தமிழர் சென்றனர் என்பதையும் கூறினால்தான் வரலாறு நிறைவுறும். மையோசு ஓர்மோசு இருந்த இடமாகிய எகிப்தின் குசெய்ர் அல்-கதீமில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘கணன்’, ‘சாதன்’ என்னும் பெயர் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன. அங்கேயே கிடைத்த மற்றோர் ஓட்டில் ‘பானை ஒறி’ எனப் பொறித்திருத்தலை ஐராவதம் மகாதேவன் படித்து விளக்கினார். பானையைத் தொங்கவிடும் உறியைக் குறிக்கும் சொல் அது. இத்தாலியச் சாடி தமிழ்க்கரைக்கு வந்த அதே வழியில், தமிழன் தன் பானையையும் அதன் பெயரையும் எழுத்தையும் சுமந்துசென்றான்.

கீழைக்கடலிலும் ஒரு சுவடு

இவ்வாணிகம் தமிழகத்தோடு முடியவில்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த பொருள்களை எண்ணுமிடத்துக் காழகத்து ஆக்கத்தையும் கூறுகிறது. காழகம் என்பதை நச்சினார்க்கினியர் கடாரம் எனக் கொண்டார். தாய்லாந்தின் தென்பகுதியில், மலாய்த் தீவக்குறையின் மேலைக்கரையை அடுத்த குவான் லுக் பாட்டில், ‘பெரும்பதன் கல்’ என்று தமிழில் பொறித்த பொற்கொல்லரின் உரைகல் கிடைத்துள்ளது. பொன்னை உரைத்துப் பார்க்கும் தமிழ்க் கம்மியன் அக்கரையில் தொழில் செய்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

ஜொகூரைப் பொறுத்தவரை, ஜொகூர் ஆற்றங்கரையில் கிடைத்த பழைய மணிகளை ஆராய்ந்த கார்டினர் என்பார், மலாயாவுக்கும் உரோமப் பேரரசுக்கும் பண்டைக் கடல்வழித் தொடர்பு இருந்தமைக்கு அவை சான்று என 1937இல் ஓர் ஆய்விதழில் எழுதினார். மணி பல நூற்றாண்டுகள் கைமாறிச் செல்லும் பொருளாதலின், அதனை மட்டும் கொண்டு காலத்தை நிறுவுதல் அரிது. மதுச்சாடியோ அவ்வாறன்று. ஒருமுறை திறந்தால் அதன் பயன் முடிந்தது. உடைந்து விழுந்த இடத்திலேயே தன் காலத்தோடு கிடக்கும். ஆகவே மணியின் சான்றும் சாடியின் சான்றும் ஒரே வலிமையுடையன அல்ல. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துதல் வரலாறு கற்பிப்போர் கடமையாகும்.

எஞ்சி நிற்பது

எரிமலையால் அழிந்த பொம்பெயியில், பண்டைத் திராட்சைக் கொல்லைகள் இருந்த இடங்களிலேயே 1990களில் மீண்டும் கொடிகள் நடப்பட்டன. அப்பணியை ஏற்றது கம்பேனியாவின் அத்திரிபால்தா ஊரில் தலைமுறை தலைமுறையாக மது செய்துவரும் மாசுட்ரோபெரார்தினோ குடும்பம். அவர்கள் நட்டவை அந்நாட்டின் பழைய செந்திராட்சை வகைகள். அவற்றுள் ஒன்றின் பெயர் பியெதிரோசோ. தமிழில் ‘செங்கால்’ என்னலாம். 2001ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து அம்மண்ணின் செம்மது மீண்டும் புட்டியில் அடைக்கப்பட்டது. பிளினி குறித்த தலைநோவு அதனோடு திரும்பியதோ என்பதை அருந்தினோரே கூறவேண்டும்.

அரிக்கமேட்டிலோ சாடி வெறுமையாகவே கிடக்கிறது. அதனுள் இருந்த தேறல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தீர்ந்துபோயிற்று. எஞ்சியவை ஓடும் பாட்டுமே. ஓடு, மது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லுகிறது. அதனை மன்னன் எப்போது அருந்தத் தகும் என்பதைப் பாட்டுச் சொல்லுகிறது. நக்கீரனார் பொற்கிண்ணத்தைப் பாண்டியன் கையில் கொடுத்தது, இரவலர்க்கு அருங்கலங்களைக் குறையாது ஈக என்று கூறிய பின்னரே. கடல்கடந்து வந்த இன்பம் எதுவாயினும் கொடையின் பின் நிற்க வேண்டும் என்பது அவர் வைத்த முறை. யவனர் தேறலைக் கற்பிக்கும் ஆசிரியர் அம்முறை மாறாது கற்பித்தால், அரிக்கமேட்டு ஓடும் புறநானூற்று அடியும் ஒன்றற்கொன்று உரையாகி நிற்கும்.